கூட்டல் விசை

மூன்றாம் டிஸ்க்கில் மஞ்சள் விளக்கு.
வெள்ளி பின்னேரம், நாலே முக்கால்,
வங்கியின் இரும்புக் கதவை அரைவாசி இறக்கிய பிறகு.
வேறெப்போது பழுதாகும் இதுகள்?

பதின்நாலு வருஷத்துச் சேர்வர்.
கடலிலிருந்து நூறு யார் தள்ளி
இந்த அறையில் அதைக் கொண்டுவந்து வைத்தவர்
உப்பை யோசிக்கவில்லை.
கழற்றும்போதெல்லாம் செம்பு முனைகளில்
பச்சை பூத்திருக்கும்.
பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்ப்பேன்.
விசிறிகள் இரண்டு முறை மாறிவிட்டன.
மின்வழங்கி, சீதுவையில் மூடிப்போன
ஆடைத் தொழிற்சாலை ஒன்றினுடையது.
நினைவுத் தட்டு எங்கிருந்து வந்ததென்று
நான் கேட்கவில்லை, நவ்ஷீனும் சொல்லவில்லை.
முதல்நாளிலிருந்து மாறாமலிருப்பது
தகரக் கூடும்
அதன் நெற்றியில் வெள்ளைப் பெயின்றில் எழுதிய இலக்கமும்.
கணக்காய்வுக்கு அது போதும்.

புறக்கோட்டையிலிருந்து இரவு பஸ்ஸில்
பிஸ்கட் பெட்டிக்குள் துவாய் சுற்றி வந்தது டிஸ்க்.
கொண்டக்டர் அதை மடியிலேயே வைத்திருந்தாராம்.
செருகப் போகிறேன், கரண்ட் போய்விட்டது.
யூபிஎஸ் நாலு நிமிஷம் கத்தியது,
பிறகு அதுவும் அடங்கியது.

கரண்ட் வந்து சேர்வர் கண்விழித்தபோது
திகதி: 2000, ஜனவரி 1.

பொத்தான் பற்றரி செத்திருக்கிறது.
பலகையின் மூலையில், ஒரு ரூபாய்க் குத்தி அளவில்,
யாரும் நினைத்துப் பாராத பாகம்.
மணிக்கூட்டுக் கடையில் இருநூறு ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன்.
ஆனாலும் மெஷின் இன்னும் அந்தக் காலையிலேயே இருந்தது,
யாரும் எங்களிடம் எதையும் அடகு வைக்காத காலை.
ஒரு சங்கிலிக்கும் வட்டி இல்லை.

ஆண்டைத் திருத்தக் கூட்டல் விசை.
அமத்தினேன். 2001.
2002, பாதை திறந்தது.
2003.
2004.
அது வருஷத்தை மட்டுமே கேட்டது,
மாதத்தைக் கேட்கவில்லை.
ஆனாலும் விரல் நின்றுவிட்டது.
வெளியே கச்சான் காற்று தகரத்தை உதைத்தது.
2006இல் மூதூர்ச் சனம் நடந்து வந்த தார்வீதி.
பிறகு விசையை விடாமல் பிடித்தேன்,
ஒன்றையும் வாசிக்காமல்,
ஆண்டுகள் வழுக்கி ஓடிப்போய்
2031இல் நின்றன.
எல்லா நகையும் ஏலம் போயிருக்கும் வருஷம்.
கழித்தல் விசையால் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தேன்.

பிறகுதான் டிஸ்க் ஏறியது.
எதுவுமே ஒருவரிடம் முழுதாய் இல்லை இதற்குள்.
ஒரு காப்பின் எடை ஒன்றில்,
உடையவளின் பெயர் இன்னொன்றில்,
மிச்சம் கணக்காய் மற்றவற்றில்.
இல்லாமற்போனதை
இருக்கிறவற்றைக் கேட்டுக் கேட்டு
புதிதாய் வந்தவனில் எழுதுகிறது.
இருக்கிறவை எல்லாம் ஒத்துச் சொல்ல வேண்டும்,
ஒன்று வாயடைத்தாலும் முடிந்தது.
சனி இரவு பதினெட்டு வீதம்.
ஞாயிறு நடுச்சாமம் அறுபத்தொன்று.
காவலாளி செபமாலை எட்டிப் பார்த்தார்:
"என்ன பிள்ளை, மூச்சிருக்கோ?"
"இருக்கு. கதையாதேங்கோ."

திங்கள் ஐந்தே முக்காலுக்கு நூறு.

ஒன்பது மணிக்கு முதல் ஆள் ஜெஸீமா,
மகளின் நிக்காஹ் வியாழனாம்.
நனைந்து காய்ந்த அடகுச் சீட்டை
கண்ணாடிக்குக் கீழால் தள்ளினா.
பதினொரு செக்கன் யோசித்தது சேர்வர்.
நானும் அவவும் ஒரே திரையைப் பார்த்தபடி.
இரட்டைவடம், ஆறேகால் பவுண்,
பெயரில் ஒரு எழுத்தும் பிழையில்லை.

செத்த டிஸ்க்கைக் கடித உறையில் போட்டு
இலக்கம் எழுதிக் களஞ்சியத்தில் ஒப்படைத்தேன்,
அதற்கும் கையொப்பம் வேண்டும்.
வாசலில் புள்ளிமான் ஒன்று
பிஸ்கட் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது.
செபமாலை தடியை ஓங்கினார்,
அது மூலையை மென்றபடியே நகர்ந்தது.

கதவை மூட உள்ளே போனபோது
ஐந்தாம் டிஸ்க் ஒருதரம், ஒரேயொருதரம்,
மஞ்சளாய்ச் சிமிட்டிப் பச்சையானது.
நான் விளக்கை அணைத்துவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போனேன்.